கீபோர்டைத் தொடாத நாள்

“உங்க பக்கந்தான் கோளாறுன்னு எத்தினி வாட்டி சொல்றது? இங்க எல்லாம் பறக்குது. லேப்ல பறக்குது, பில்லிங்ல பறக்குது. திண்டிவனத்துக்கு வந்தா மட்டும் படுத்துக்குதுன்னா யார் மேல தப்பு?”

“அண்ணா, இன்னிக்குப் படுத்துக்குதுன்னு நான் சொல்லல. இன்னிக்கு ஓடுது. அன்னிக்கு ஏன் ஓடலன்னு கேக்கறேன்.”

“அன்னிக்கு லீவு. ஊர்ல இருக்கறவன் எல்லாம் வூட்ல குந்திகினு படம் பாத்திருப்பான். லைன் தொங்கியிருக்கும்.”

“வருஷா வருஷம் கரெக்டா ஆயுத பூஜைக்கு மட்டும் தொங்குதா?”

“பேஜாரு பண்ணாத செல்வி. போன வெய்யி. தலைக்கு மேல வேலை கெடக்குது.”

விழுப்புரத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் அரிபிரசாத் போனை வைத்துவிட்டான். ஆரோக்கியசெல்வி போனைப் பைக்குள் போட்டாள். எதிரே கவுன்டர். கண்ணாடி இருந்த இடத்தில் இப்போது அட்டையை வெட்டி டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். அட்டையில் ஏதோ குளுக்கோஸ் கம்பெனியின் பெயர் தலைகீழாக இருந்தது.

ஆஸ்பத்திரியின் தலைமை இடம் விழுப்புரத்தில். திண்டிவனத்தில் இருப்பது கிளை. இங்கே ரத்தம் எடுப்பார்கள், வேன் அதைக் கொண்டுபோகும், விழுப்புரம் லேபில் சோதனை செய்து அங்கிருக்கும் பெரிய சர்வரில் ஏற்றுவார்கள். செல்வி இங்கே அதைத் திறந்து அச்செடுத்துக் கொடுப்பாள். அவ்வளவுதான் அவள் வேலை. அந்த அவ்வளவுதான், ஆயுத பூஜை அன்று நடக்கவில்லை.

மரக்காணம் பக்கம் கடலோரத்துக் குப்பத்திலிருந்து அரசப்பன் தன் மகள் செந்தாமரையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்திருந்தார். காய்ச்சல். டெங்குவாக இருக்கும் என்று காலையிலேயே ரத்தம் எடுத்து அனுப்பியாயிற்று. மத்தியானமே முடிவு சர்வரில் ஏறிவிட்டது. செல்வியின் திரையில் செந்தாமரையின் பெயர் வந்தது. வயது வந்தது. ரிப்போர்ட்டைத் திறந்தால் பாதியில் நின்றது. மறுபடி திறந்தாள், மறுபடி பாதி. தட்டணுக்கள் எத்தனை என்ற அந்த ஒரு வரி மட்டும் பாதிக்குக் கீழே எங்கேயோ இருந்தது. லேபுக்குப் போன் போட்டாள். “சிஸ்டத்துல ஏத்தியாச்சு, பாத்துக்கோங்க. போன்ல நம்பர் சொல்லக்கூடாதுன்னு பெரிய டாக்டர் ஆர்டர்” என்றார்கள். அரிபிரசாத்துக்குப் போட்டாள். அவன் முகையூரில் தன் வீட்டில் இருந்தான். பின்னால் குழந்தைகள் சத்தம், குக்கர் சத்தம். “நாளைக்குக் காலைல வந்து பாக்கறேன், தானா சரியாயிடும்” என்றான்.

ரிப்போர்ட் முழுசாக வந்து சேர்ந்தபோது சாயங்காலமாகிவிட்டது. அதற்குள் குழந்தையின் ஈறிலிருந்து ரத்தம் கசிய ஆரம்பித்திருந்தது. வண்டி வைத்துப் புதுச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். போகும் முன் அரசப்பன் திரும்பி வந்து வெறுங்கையால் கவுன்டர் கண்ணாடியில் அடித்தார். வலையிழுத்த கை. ஒரே அடிதான்.

குழந்தை இன்னும் அங்கேதான் இருக்கிறது. பிழைத்துவிடும் என்கிறார்கள். ஆனால் விழுப்புரத்தில் விசாரித்தார்கள். சென்னையிலிருந்து லைன்காரனைக் கூப்பிட்டு வந்து பார்த்தார்கள். லைனில் ஒரு குறையும் இல்லை என்று அவன் சொல்லிவிட்டான். சர்வரில் குறையில்லை. லேபில் குறையில்லை. மிச்சம் யார்? ரிப்போர்ட் மத்தியானமே தயார், கவுன்டரில் இருந்த பெண் பார்க்கவில்லை என்று அரசப்பனிடமே சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஒன்றாம் தேதியிலிருந்து வரவேண்டாம் என்று செல்விக்கு நேற்று சொன்னார்கள்.

இன்று காலை அரசப்பன் மறுபடி வந்திருக்கிறார். புதுச்சேரியில் பழைய ரிப்போர்ட்டுகளைக் கேட்டார்களாம். கையில் கட்டு. செல்வி அச்செடுத்த தாள்களைக் கவுன்டருக்கு மேலாக நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

“உன் கையால குடுக்காத” என்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பாள். “வேற யாராச்சும் இருந்தா குடுக்கச் சொல்லு.”

கிளையில் ரத்தம் எடுக்கும் வேணி வந்து தாள்களை வாங்கி அவரிடம் கொடுத்தாள். டாக்டர் வந்து முத்திரை போடவேண்டும், பதினொரு மணியாகும் என்றாள். அவர் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். அப்போதுதான் செல்வி அரிபிரசாத்துக்குப் போன் போட்டது.

“செல்விக்கா, எங்க கெளம்பற?” என்றாள் வேணி.

“விழுப்புரத்துக்கு.”

“சொல்லாம கொள்ளாமப் போனா இன்னும் திட்டுவாங்க.”

“திட்டி இன்னா பண்ணுவாங்க, வேலைய வுட்டா எடுப்பாங்க?”

வேணி சிரிக்கப் பார்த்து, செல்வியின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கினாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வழியெல்லாம் செல்வி மனதுக்குள் அரிபிரசாத்தைத் திட்டிக்கொண்டே போனாள். திட்டுவதிலும் ஒரு ஒழுங்கு இருந்தது. ஒரு வாக்கியம் சரியாக வரவில்லை என்றால் முதலிலிருந்து ஆரம்பித்தாள். அவன் சொல்லக்கூடிய பதில்களையும் அவளே சொல்லி, அதற்கும் பதில் வைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் அவள் உதடு அசைவதைப் பார்த்துவிட்டு, ஜெபம் பண்ணுகிற பெண் என்று நினைத்தோ என்னவோ, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டாள்.

விக்கிரவாண்டிக்கு முன்னால் பாலம் வேலை. சாலையில் பாதியை அடைத்திருந்தார்கள். இந்தப் பக்கம் ஒருவன் கொடி, அந்தப் பக்கம் ஒருவன் கொடி. ஒரு பக்கத்தை விட்டால் மறு பக்கம் நிற்கவேண்டும். அவர்கள் பஸ் தன் முறை வந்து உள்ளே போனது. பாதி வழியில் எதிரே ஒரு லாரி வந்து மூக்கோடு மூக்காக நின்றது. அவன் கொடியைப் பார்க்கவேயில்லை. தனக்கு ரெண்டு பக்கமும் ரோடு திறந்திருக்கிறது என்கிற நினைப்பில் வந்தவன். டிரைவர் எட்டிப் பார்த்து, லாரிக்காரனின் மூன்று தலைமுறையை விசாரித்தார். ஆனாலும் பின்வாங்கியது பஸ்தான். கொடிக்கு நின்றவன்தானே பின்வாங்கவேண்டும்! பின்வாங்கி, மறுபடி நின்று, மறுபடி போய், மறுபடி இன்னொரு லாரி. செல்விக்கு இறங்கி நடந்துவிடலாம் போலிருந்தது.

விழுப்புரம் ஆஸ்பத்திரியில் சர்வர் இருப்பது மாடிப்படிக்குப் பின்னால், முன்பு துணி வைக்கும் அறையாக இருந்த இடத்தில். கதவைத் திறந்ததும் ஏசிக் குளிரோடு கற்பூர வாசனையும் வந்தது. பூஜை முடிந்து ஒரு வாரமாகியும் அந்த வாசனை வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. கறுப்பு யூனிக்ஸ் சர்வரின் நெற்றியில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. சாமந்தி மாலை கருகித் தொங்கியது. அதற்கு முன்னால் அரிபிரசாத் மேஜையில் காகிதம் விரித்து வேகவைத்த வேர்க்கடலையை உரித்துக்கொண்டிருந்தான்.

“இன்னா திடீர்னு? வா வா, குந்து. மல்லாட்டை துன்னு, ஊர்லேர்ந்து கொண்டாந்தது.”

“வேணாம்.”

“கோவமா? போன்ல கத்திட்டேன்னு மனசுல வெச்சுக்காத. அங்க யாரு பாத்துக்கறா?”

“வேணி பாத்துக்கறா. ஒண்ணாந்தேதியிலேர்ந்து அவதான பாக்கப் போறா, இப்பவே பழகட்டும்.”

அவன் ஒரு மல்லாட்டையை உடைத்தான். உள்ளே இருந்ததைத் தின்னாமல் காகிதத்திலேயே வைத்தான்.

“அது மேனேஜ்மென்ட் எடுத்த முடிவு செல்வி. நான் இன்னா பண்றது?”

“ஒண்ணும் பண்ண வேணாம். விஜயதசமி அன்னிக்குக் காலைல இன்னா பண்ணீங்கன்னு மட்டும் சொல்லுங்க. நான் அங்க உக்காந்துகினு இருந்தேன். ராத்திரியெல்லாம் வராத மத்த ரிப்போர்ட்டெல்லாம், திடீர்னு சரசரன்னு கொட்டுச்சு. தானா கொட்டாது. நீங்க ஏதோ பண்ணியிருக்கீங்க.”

அவனுக்கு முகம் மலர்ந்தது. அதுதான் செல்விக்குத் தாங்கவில்லை. தன் கைவேலையை யாரோ கவனித்துவிட்டார்கள் என்ற சந்தோஷம் அது.

“அதுவா! ஒரு வரி. ஒரே ஒரு வரி அடிச்சேன்.” நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவன் விளக்க ஆரம்பித்தான். “இந்தப் பொட்டில ரெண்டு நெட்வொர்க் கார்டு. ஒண்ணு இந்த பில்டிங்குக்கு. இன்னொண்ணு உங்க திண்டிவனம் லைனுக்கு மட்டும். அந்த லைன்காரன் அவன் பொட்டிய நூறு ஸ்பீடு, ஃபுல் டூப்ளெக்ஸ், அதாவது ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல பேசலாம்னு ஃபிக்ஸ் பண்ணி வெச்சுட்டான். நம்ம கார்ட ஓட்டற டிரைவர் சாஃப்ட்வேரு எழுந்துக்கும்போது ஆட்டோல எழுந்துக்கும். ‘இன்னா வேகத்துல பேசலாம்?’னு அந்தப் பக்கம் கேக்கும். அவன் ஃபிக்ஸ் பண்ணவன், பதிலே சொல்ல மாட்டான். பதில் வரலன்னா இது பயந்துகினு ஹாஃப்ல உக்காந்துக்கும்.”

“ஹாஃப்னா ஒருத்தர் பேசும்போது இன்னொருத்தர் பேசக்கூடாது.”

“கரெக்ட். காலேஜ்ல ஒழுங்கா படிச்சிருக்க. நம்மது அப்படி நெனச்சுகினு நின்னு நின்னு பேசும். அவன் நிக்கவே மாட்டான், பாட்டுக்குப் பேசிக்கினே இருப்பான். முட்டிக்கும். நம்மது பின்வாங்கும், மறுபடி வரும், மறுபடி முட்டிக்கும். சின்ன சின்ன விஷயம் போயிடும். பேரு, வயசு எல்லாம் வந்துரும். பெருசா ரிப்போர்ட்டு அனுப்பினா போச்சு. நான் டிரைவருக்கு ‘நீயும் நூறு, நீயும் ஃபுல்லு’ன்னு ஒரு வரி அடிப்பேன். அவ்ளோதான், பறக்கும்.”

செல்விக்குப் பாலத்தில் பின்வாங்கிய பஸ் ஞாபகம் வந்தது. கூடவே, கவுன்டருக்கு இந்தப் பக்கம் பெயரும் வயதும் மட்டும் வந்து நின்ற திரை.

“பூஜைக்கு இதை ஆஃப் பண்ணீங்களா?”

“பின்ன? வருஷம் பூரா ஓடற மெஷினு, அன்னிக்கு ஒரு நாள் அரை மணி நேரம் நிறுத்தித் தொடச்சு, பொட்டு வெச்சு, மாலை போட்டு, மறுபடி ஆன் பண்ணுவோம். ஆஸ்பத்திரி மெஷினு, நிறுத்தி வெக்க முடியாது. அதனால பொட்டி ஓடும். கீபோர்டு மட்டும் பூஜைல இருக்கும். பெரிய டாக்டரே அவரு கையால பொட்டு வெச்சாரு. விஜயதசமி காலைல எடுக்கற வரைக்கும் யாரும் அது மேல கை வெக்கக்கூடாது.”

“அப்ப ஆன் பண்ணதும் அந்த ஒரு வரி…”

“போயிடும். கையால அடிச்சது பொட்டி தூங்கி எழுந்தா மறந்துடும். விஜயதசமி அன்னிக்கு மொத வேலையா அத அடிப்பேன். வருஷா வருஷம் அப்படித்தான்.”

அவன் சொல்லிக்கொண்டே வந்தவன் கடைசி வார்த்தையில் மெதுவானான். தான் எங்கே வந்து நிற்கிறோம் என்பது அவனுக்கும் தெரிந்துவிட்டது.

“அண்ணா,” என்றாள் செல்வி. பஸ்ஸில் அடுக்கி வைத்திருந்த வாக்கியங்களில் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. “பூஜை அன்னிக்கு நான் போன் போட்டேன். திரும்பத் திரும்பப் போட்டேன். ஒரு கொழந்த ரிப்போர்ட்டு, பாதியில நிக்குதுன்னு சொன்னேன். அப்ப உங்களுக்குத் தெரியும்.”

“ஒரு நாள்தானன்னு நெனச்சேன்மா.”

“தெரிஞ்சுகினே ‘தானா சரியாயிடும்’னு சொன்னீங்க.”

“காலைல பூஜைய முடிச்சுட்டு நான் முகையூருக்குப் போயிட்டேன். வந்தாலும் இன்னா பண்றது? சாமி கிட்ட வெச்சத எடுத்து டைப் அடிக்கறதா? டாக்டருக்குத் தெரிஞ்சா இன்னா ஆவும்? உங்களுக்கெல்லாம் அது புரியாது செல்வி.”

“எங்களுக்கெல்லாம்னா யாருக்கு?”

அவன் காகிதத்திலிருந்த தோலைக் கிளறினான்.

“சொல்லுங்க. சர்ச்சுக்குப் போற வேதக்காரங்களுக்கா, இல்ல காலனிக்காரங்களுக்கா? ரெண்டும் நான்தான். எங்க கெளையிலயும் பூஜை நடந்துது. பொரி, கடல, வாழப்பழம் எல்லாம் நான்தான் வாங்கிகினு வந்தேன். சந்தனம் கொழச்சது நான். பரண்மேல ஒடஞ்ச கீபோர்டு ஒண்ணு கெடந்துது, அத எறக்கித் தொடச்சு அதுக்குப் பொட்டு வெச்சோம். ஓடற கீபோர்டுல வேலை பாத்தோம். சாமி ஒண்ணும் கோச்சுக்கல. கோச்சுகினது அரசப்பன்தான்.”

“கத்தாத. வெளிய கேக்கும்.”

“கேக்கட்டும். இந்த ஒரு வரிய, பொட்டி எழுந்துக்கும்போதே படிக்கற ஃபைல்ல எழுதி வெச்சா மறக்காது இல்ல? எழுத முடியுமா, முடியாதா?”

“முடியும்.”

“ஏன் எழுதல?”

அரிபிரசாத் மல்லாட்டைத் தோலை ஒரு பக்கமாக ஒதுக்கினான். ரொம்ப அக்கறையாக ஒதுக்கினான்.

“எழுதணும்னுதான் இருந்தேன். வருஷத்துக்கு ஒரு தடவதான ஆஃப் பண்றோம்.”

இவன் கெட்டவனாக இருந்திருக்கலாம் என்று செல்விக்குத் தோன்றியது. வேண்டுமென்றே மறைத்தான், தன் இடத்தைக் காப்பாற்றிக்கொள்ள ரகசியமாக வைத்திருந்தான் என்றால் அந்தக் கோபத்துக்கு ஒரு உருவம் இருந்திருக்கும். இது வெறும் சோம்பல். தோலை உரித்துவிட்டுப் பருப்பைத் தின்ன மறக்கிற மாதிரி ஒரு சோம்பல். அதற்காக ஒரு குழந்தையின் வாயில் ரத்தம் வந்திருக்கிறது, அதற்காக ஒரு மனிதர் அவள் கையிலிருந்து ஒரு தாளை வாங்க மறுக்கிறார். மேஜையில் இருந்த காகிதத்தை ஒரு இழுப்பு இழுத்தாள். மல்லாட்டை அறை முழுக்கச் சிதறியது.

அந்தச் சத்தத்துக்குத்தான் கதவு திறந்ததோ, தற்செயலோ, பெரிய டாக்டர் விருத்தாசலம் வாசலில் நின்றார். ரவுண்ட்ஸ் முடித்து இறங்கி வந்தவர். கழுத்தில் ஸ்டெதஸ்கோப், நெற்றியில் காலையில் வைத்த குங்குமம். முதலில் தரையைப் பார்த்தார், அப்புறம் மாலை போட்ட சர்வரைப் பார்த்தார், கடைசியாக அவளைப் பார்த்தார்.

“நீ திண்டிவனத்துப் பொண்ணு இல்ல? இங்க என்ன பண்ற?”

செல்வி சொன்னாள். ஆஃப் பண்ணியது, கார்டு மறந்தது, அடிக்காமல் விட்ட வரி, கீபோர்டு பூஜையில் இருந்தது. ஒழுங்கில்லாமல், முன்னும் பின்னுமாகச் சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு,

“நான் பூஜை பண்ணதாலதான் அந்தக் குழந்தைக்கு அப்படி ஆச்சுங்கறியா?” என்றார்.

“பூஜை மேல தப்பு சொல்லல சார். அந்த ஒரு வரி…”

“அரி. அப்படியாப்பா?”

அரிபிரசாத் எழுந்து நின்றிருந்தான். செல்வி அவன் முகத்தையே பார்த்தாள். இப்போது மட்டும் சொல்லிவிட்டால் போதும், சிதறிய மல்லாட்டையை எல்லாம் தானே குனிந்து பொறுக்கித் தந்துவிடலாம் என்று நினைத்தாள்.

“சார், லைன்காரன் வந்து செக் பண்ணான் சார். இப்ப எல்லாம் நல்லாத்தான் ஓடுது.”

“அன்னிக்கு?”

“அன்னிக்கு… பூஜை முடிஞ்சதும் நான் லீவுல போயிட்டேன் சார்.”

டாக்டர் தலையாட்டினார். “பாரும்மா, உன் கஷ்டம் புரியுது. அதுக்காக இன்னொருத்தர் மேல போடக்கூடாது. ஊருக்குப் போ. மானேஜர்கிட்ட சொல்லி ஒரு நல்ல சர்டிபிகேட் தரச் சொல்றேன்.”

செல்வி போகவில்லை. போனை எடுத்து வேணிக்குப் போட்டாள், ஸ்பீக்கரை அழுத்தினாள், சர்வருக்குப் பக்கத்தில் மேஜைமேல் வைத்தாள்.

“செல்விக்கா? இன்னா ஆச்சு?”

“அரசப்பன் இருக்காரா, போயிட்டாரா?”

“இங்கதான் குந்திகினு இருக்காரு. டாக்டர் இன்னும் வரல.”

“ஸ்பீக்கர்ல போடு. செந்தாமரை ரிப்போர்ட்ட உன் கம்ப்யூட்டர்ல தெற.”

“தெறந்தாச்சு. ஒடனே வந்துடுச்சு, முழுசா.”

போனில் பெஞ்சு நகரும் சத்தம் கேட்டது. “யாரு, அந்தப் பொண்ணா?” என்றது அரசப்பனின் குரல். “அதுக்கு இன்னா வேணுமாம்?”

“ஒண்ணும் வேணாங்க. கொஞ்சம் அந்தத் திரையையே பாத்துகினு இருங்க. அன்னிக்கு எனக்கு இன்னா தெரிஞ்சுதுன்னு நீங்களே பாப்பீங்க” என்றாள் செல்வி. “வேணி, மூடிடு. இங்க பொட்டிய நிறுத்திப் போட்டப்புறம் சொல்றேன், அப்ப மறுபடி தெற.”

டாக்டர் போனைப் பார்த்தார். “என்னம்மா இதெல்லாம்? இது ஆஸ்பத்திரி மெஷினு. நெனச்சப்போ நிறுத்த முடியாது.”

“பூஜைக்கு அரை மணி நேரம் நின்னுச்சே சார்.”

சர்வரின் விசிறி மட்டும் ஒரே சீராக இரைந்துகொண்டிருந்தது. அரிபிரசாத்தின் கை கீபோர்டின்மேல் இருந்தது. எப்போது வைத்தான் என்று அவனுக்கே தெரிந்திருக்காது. செல்வி கீபோர்டைப் பிடித்து மெதுவாக அவனிடமிருந்து இழுத்தாள். எழுத்துகளின் இடுக்கில் இன்னும் குங்குமம் இருந்தது. அதைச் சர்வரின் தலைமேல், கருகிய மாலைக்குப் பக்கத்தில், பூஜையன்று இருந்த இடத்திலேயே வைத்தாள். பிறகு டாக்டரின் பக்கம் திரும்பினாள்.

“ஒரே ஒரு தடவ இத ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொல்லுங்க சார். கீபோர்ட மட்டும் யாரும் தொட வேணாம்.”